உடனேயா, அப்புறமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுக்கு ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதல் பாகம் பாடமாக வந்திருக்கிறது. அதில் மதுக்கடையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் ஒரே காட்சியில் திரும்பத் திரும்ப 'அனான், அனான், சார்' என்கிறான். அகராதியைப் புரட்டினால் 'உடனே' என்றும் போட்டிருக்கிறது, 'சற்று நேரம் கழித்து' என்றும் போட்டிருக்கிறது. ரெண்டும் எப்படிச் சரியாகும்? பரீட்சையில் எதை எழுதுவது?
– பி.ஏ. ஆங்கில இலக்கிய மாணவி, பெரம்பூர்

பதில்: இரண்டையும் எழுதுங்கள். ஆனால் அதற்கு முன்னால், ஒரு நாள் காலை எட்டரை மணிக்குத் திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஏதாவது ஒரு தெருவுக்குப் போய், கூட்டமான ஒரு மெஸ்ஸில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பேராசிரியர் ஒரு வாரம் நடத்துவதை அங்கே இருக்கும் சப்ளையர் தம்பி ஒரு ரவுண்டில் நடத்திவிடுவார். இடது கையில் முழங்கை வரைக்கும் தட்டு அடுக்கியிருக்கும், வலது கையில் சாம்பார் வாளி. ஜன்னலோர டேபிள் 'தம்பி, சட்னி!' என்கும். 'இதோ சார்!' கை கழுவுகிற இடத்துப் பக்கம் இருப்பவர் 'ஒரு ரோஸ்ட் சொல்லி எவ்வளவு நேரம்?' என்பார். 'வந்துட்டேன் சார்!' திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அந்த 'இதோ' ரெண்டு நிமிஷமா, எட்டு நிமிஷமா? ரெண்டும் இல்லை. 'உங்க சத்தம் காதில் விழுந்துவிட்டது, இன்னொரு தடவை கத்தாதீங்க' என்பதுதான் அதற்கு அர்த்தம்.

உங்கள் பாடத்தில் வரும் பிரான்சிஸ் இந்தத் தம்பியேதான். நாடகம் அச்சில் வந்தது 1598இல். லண்டனில் ஈஸ்ட்சீப் என்ற இடத்து மதுக்கடை. இளவரசர் ஹாலுக்குப் பொழுது போகவில்லை. அந்தப் பையன் அவருக்கு அன்போடு ஒரு பென்னி மதிப்புக்குச் சர்க்கரை கொடுத்திருக்கிறான், அதற்கு இவர் செய்கிற கைம்மாறு அவனை வைத்துக் கூத்தடிப்பது. நண்பன் பாயின்ஸைப் பக்கத்து அறைக்கு அனுப்பி, அங்கிருந்து 'பிரான்சிஸ்! பிரான்சிஸ்!' என்று விடாமல் கூப்பிடச் சொல்கிறார். இந்தப் பக்கம் இவர் அவனைப் பிடித்து நிறுத்திவைத்துப் பேச்சுக் கொடுக்கிறார். உன் வயசு என்ன, இன்னும் எத்தனை வருஷம் இங்கே வேலை பார்க்கணும் என்று. (அவனுக்கு இன்னும் 5 வருஷ ஒப்பந்தம் பாக்கி, பாவம்.) ஒவ்வொரு பதிலையும் அவன் பாதியில் விட்டுவிட்டு அந்த அறையைப் பார்த்து 'அனான், அனான்!' என்கிறான்.

இதில் ஒரு இடத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள். நீ கொடுத்த சர்க்கரைக்கு ஆயிரம் பவுண்டு தருகிறேன், எப்போது வேண்டுமோ கேள் என்கிறார் இளவரசர். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையிலிருந்து கூப்பாடு வருகிறது. பையன் அந்தப் பக்கம் திரும்பி 'அனான், அனான்' என்கிறான். இளவரசர் அதைத் தனக்கு வந்த பதிலாக எடுத்துக்கொண்டுவிடுகிறார். 'இதோவா? இல்லப்பா பிரான்சிஸ், நாளைக்கு. இல்லையா, வியாழக்கிழமை. இல்லையா, உனக்கு எப்போது தோதோ அப்போது.' உங்கள் கேள்விக்குப் பதில் இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. பையன் சொல்வது 'உடனே'. இளவரசர் அதை இழுத்து இழுத்து வியாழக்கிழமைக்குக் கொண்டுபோய் விடுகிறார். கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அவன் நட்டநடுவில் சிலை மாதிரி நிற்கிறான். அப்போது முதலாளி வந்து, இத்தனை பேர் கூப்பிடுகிறார்கள், நீ நின்றுகொண்டிருக்கிறாயா என்று ஒரு சத்தம் போடுகிறார். சிரிப்புக் காட்சி என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்தப் பையன் பக்கம்தான் மனசு போகிறது. கிளிக்கு இருக்கும் வார்த்தைகூட இவனுக்கு இல்லையே என்று இளவரசர் பிற்பாடு கிண்டல் வேறு பண்ணுவார். மூச்சு விட நேரம் கொடுத்தால்தானே ஐயா அவன் வேறு வார்த்தை பேசுவான்!

சரி, சொல் எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் 'ஆன் ஆன்' என்று இரண்டு சொற்கள். 'ஒன்றுக்குள்' என்று பொருள். எல்லாம் ஒன்றாக, இடைவெளி விடாமல், நேராக என்று வளர்ந்து, அதிலிருந்து 'தாமதமே இல்லாமல்' என்று ஆனது. தமிழ்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம், ஏனென்றால் நம்முடைய 'உடனே' வந்ததும் கிட்டத்தட்ட இதே வழியில்தான். 'உடன்' என்றால் கூட, சேர்ந்து. உடன்பிறந்தவர் என்கிறோமே, அந்த உடன். சங்க இலக்கியத்தில் 'உடன்போக்கு' என்றால் காதலனோடு கிளம்பிப் போவது, அவசரமாகப் போவது இல்லை (அவசரமாகத்தான் போயிருப்பார்கள், அது வேறு விஷயம்). ஒன்றோடு ஒன்று ஒட்டி நடப்பது நடுவில் நேரம் விடாமல் நடப்பதாயிற்று, 'உடனே' பிறந்துவிட்டது. இரண்டு மொழிகளுக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது, ஆனால் போன பாதை ஒன்று.

அப்புறம்தான் சறுக்கல். 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் காலத்து ஆங்கிலத்திலேயே வெறும் 'அனான்' போதாமல் 'ரைட் அனான்' என்று சேர்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லை முட்டுக்கொடுக்கிறார்கள் என்றாலே அதற்குத் தெம்பு போய்விட்டது என்று அர்த்தம். நம் 'உடனே'யும் அப்படித்தான், ஆபீஸ் கடிதத்தில் 'உடனடியாக' ஆகி, அதுவும் பத்தாமல் 'மிகவும் உடனடி' என்று சிவப்பு மையில் போய் நிற்கிறது. இப்போது சாதாரணமாக 'கொஞ்ச நேரத்தில்' என்று நாம் சொல்லும் 'சூன்' இருக்கிறதே, பழைய ஆங்கிலத்தில் அதுவும் 'இந்த நொடியே' தான். 'பை அண்ட் பை' இன்னும் மோசம். 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் ஏரோதியாளின் மகள் அரசனிடம் ஓடி வந்து, யோவான் ஸ்நானகனின் தலையை ஒரு தாலத்தில் வைத்து 'பை அண்ட் பை' கொடு என்கிறாள். இன்றைய காதுக்கு, 'ஒண்ணும் அவசரமில்லை, மெதுவா பாத்துக் குடுங்க' என்று கேட்கும். தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் 'இப்பொழுதே' என்று இருக்கிறது. அதுதான் அவள் கேட்டது. விதைக்கிறவன் உவமையில், மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் 20, 21 வசனங்களைப் பாருங்கள். மூலத்தில் ஒரே கிரேக்கச் சொல், ஆங்கிலத்தில் முதல் வசனத்தில் 'அனான்', அடுத்ததில் 'பை அண்ட் பை'. அன்றைக்கு இரண்டுக்கும் ஒரே அர்த்தம், இரண்டும் அவசரம்.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்பீர்கள். ஆட்கள் 'உடனே வரேன்' என்று சொல்லிவிட்டு உடனே வருவதில்லை, அவ்வளவுதான். நூறு தடவை 'அனான்' கேட்டு நூறு தடவையும் கால் மணி நேரம் காத்திருந்தவனுக்கு, 'அனான்' என்றால் கால் மணி நேரம்தான். பரீட்சைக்கு: ஷேக்ஸ்பியரில் யாராவது கூப்பிட்டு அதற்குப் பதிலாக வந்தால் 'இதோ வந்தேன்'. கதை சொல்கிற இடத்தில், இது நடந்து அப்புறம் அது நடந்தது என்று வந்தால் 'சற்றைக்கெல்லாம்'. 'எவர் அண்ட் அனான்' என்று சேர்ந்து வந்தால் அவசரமே கிடையாது, 'அவ்வப்போது'.

கேள்வி: நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ரோமியோ ஜூலியட்டின் மாடிக் காட்சியைத் தமிழில் போடப்போகிறோம். ஜூலியட்டைத் தாதி உள்ளேயிருந்து கூப்பிடும்போது அவள் 'அனான்' என்கிறாள். 'உடனே வருகிறேன்' என்று மொழிபெயர்த்தோம். நடிக்கிற பெண் அந்த வரியைச் சொன்னாலே ஒத்திகையில் எல்லோரும் சிரித்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– நாடகக் குழுவினர், அண்ணாநகர்

பதில்: சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ராத்திரி பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிற எந்தப் பெண்ணாவது, கீழேயிருந்து அம்மா கூப்பிட்டால் 'உடனே வருகிறேன்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'தோ வந்துட்டேன்மா!' அதைக் கீழ்ப்பக்கம் பார்த்து ஒரு குரலில் சொல்லிவிட்டு, அடுத்த வார்த்தையை வேறு குரலில் போனில் தொடர்வாள். அந்தக் காட்சியில் ஜூலியட் செய்வதும் அதுதான். ஒரு தடவை 'அனான்' என்கிறாள், நடுவில் ரோமியோவிடம் பாதி வாக்கியம் பேசுகிறாள், தாதி மறுபடி கூப்பிட்டதும் 'பை அண்ட் பை, வரேன்' என்கிறாள். போகிற எண்ணம் துளிக்கூடக் கிடையாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், மொழிபெயர்ப்புக்கு இது முக்கியம். ஆங்கிலக்காரர்கள் இந்த வேலையை ஒரு வினையடையிடம் கொடுத்தார்கள், அது தேய்ந்தபின் இன்னொன்றிடம், அதுவும் தேய்ந்தபின் மற்றொன்றிடம். தமிழ் அந்த வேலையை வினைச்சொல்லின் காலத்திடமே கொடுத்துவிட்டது. 'வந்துட்டேன்' என்பது இறந்தகாலம். ஆள் இன்னும் மாடிப்படியில் காலே வைக்கவில்லை! இது ஏதோ மெட்ராஸ் பாஷை என்று நினைத்துவிடாதீர்கள், தொல்காப்பியத்தில் வினையியலில் இதற்குச் சூத்திரமே இருக்கிறது. இனி நடக்கப்போவதையும் இப்போது நடந்துகொண்டிருப்பதையும் இறந்தகாலத்தில் சொன்னால் அது 'விரைந்த பொருள', அதாவது அவசரத்தைக் காட்டுவது, என்கிறார் தொல்காப்பியர். உரைகாரர்கள் காட்டும் உதாரணமும் சாப்பாட்டு இலைதான். வெளியே கிளம்பும் அவசரத்தில் இருப்பவன் 'இன்னும் உண்ணவில்லையா?' என்று கேட்டால், உண்டு முடிக்காதவன் 'உண்டேன், போந்தேன்' என்பானாம். நன்னூலும் இதை 'விரைவினும்' என்று ஒரு சொல்லில் சொல்லி ஒத்துக்கொள்கிறது. அதனால் தயங்காமல் 'இதோ வந்துட்டேன்' என்று போடுங்கள், இலக்கணம் உங்கள் பக்கம்.

இன்னொரு யோசனை, அடுத்து மேக்பெத் போடுவதாக இருந்தால். கொலை நடந்த ராத்திரிக்கு மறுநாள் விடிகாலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டு வாயில்காப்போன் தள்ளாடிக்கொண்டு வருவானே, அவனும் 'அனான், அனான்!' என்றபடிதான் கதவைத் திறக்கிறான். திறந்த கையோடு 'காப்போனை நினைவில் வையுங்கள்' என்று ஒரு வரி. அதை அப்படியே தமிழாக்கினால் செத்துப்போகும். 'இதோ வந்துட்டேன்... ஐயா, நம்மளயும் கொஞ்சம் கவனிங்க' என்று போட்டுப் பாருங்கள், கைதட்டல் நிச்சயம்.

கேள்வி: என் பயோடேட்டாவில் 'ப்ரெசன்ட்லி ஒர்க்கிங்' என்று எழுதியிருந்தேன். இன்டர்வியூவில், 'ப்ரெசன்ட்லி என்றால் சீக்கிரத்தில் என்று அர்த்தம், அப்படியானால் நீங்கள் இனிமேல்தான் வேலைக்குப் போகப்போகிறீர்களா?' என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் எழுதியது தப்பா?
– ஒரு வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: தப்பில்லை. சிரித்தவர் பாதி தெரிந்தவர். 'தற்போது' என்கிற பொருள்தான் பழசு. அதிலிருந்து 'இப்போதே, உடனே' வந்தது. ஷேக்ஸ்பியரில் யாராவது ஆளைப் 'ப்ரெசன்ட்லி' போகச் சொன்னால் பெரும்பாலும் அப்போதே கிளம்பச் சொல்கிறார் என்றுதான் அர்த்தம். அப்புறம் இதுவும் அனான் வழியிலேயே சறுக்கி, இங்கிலாந்தில் 'இன்னும் சிறிது நேரத்தில்' ஆகிவிட்டது. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் நம் ஊரிலும் பழைய 'தற்போது' சாகாமல் இருக்கிறது. அதனால் உங்கள் வாக்கியம் சரி. இருந்தாலும் அடுத்த தடவை அந்தச் சொல்லையே எடுத்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயர், சேர்ந்த வருஷம், 'இன்று வரை' என்று மட்டும் போட்டால் போதும். வேலை கிடைத்தபிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். (தென் ஆப்பிரிக்காக்காரர் யாராவது 'ஜஸ்ட் நௌ' வரேன் என்று சொன்னால் நம்பி வாசலில் நிற்காதீர்கள். அவர்கள் ஊரில் அது 'அப்புறம் பாக்கலாம்' ரகம்.)

கேள்வி: ஆங்கிலக் கவிதைத் தொகுப்புகளில் நிறையக் கவிதைகளுக்கு அடியில் 'அனான்' என்று பெயர் போட்டிருக்கிறதே, யார் இவர்? இவ்வளவு எழுதியிருக்கிறார், வாழ்க்கை வரலாறு எங்கும் கிடைக்கவில்லை.
– ஒரு வாசகர், கொளத்தூர்

பதில்: நல்ல வேளை, என்னிடம் கேட்டீர்கள். அது 'அனானிமஸ்' என்பதன் சுருக்கம், எழுதியவர் பெயர் தெரியாது என்று பொருள். கிரேக்கத்திலிருந்து வந்த சொல், நம் வினையடைக்கும் அதற்கும் சொந்தமே இல்லை, எழுத்து மட்டும் ஒன்றாக அமைந்துவிட்டது. தமிழ் வலைப்பூக்கள் அமோகமாக இருந்த காலத்தில் முகம் காட்டாமல் வந்து திட்டிவிட்டுப் போனாரே 'அனானி', அவர் இந்தக் குடும்பம். 1929இல் வர்ஜீனியா வுல்ஃப், இத்தனை கவிதைகளைப் பெயர் போடாமல் எழுதிப்போட்ட அந்த 'அனான்' பல சமயம் ஒரு பெண்ணாகத்தான் இருந்திருப்பார் என்று ஊகித்து எழுதினார்.

நம் ஆட்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். பெயர் தெரியவில்லையா, பாட்டிலேயே இருக்கிற நல்ல சொற்றொடரை எடுத்துப் பெயராக வைத்துவிட்டார்கள். குறுந்தொகை 40ஆம் பாட்டுக்குச் செம்புலப்பெயல்நீரார். அடுத்த பாட்டுக்கே அணிலாடுமுன்றிலார், ஆள் இல்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறது என்று எழுதியவர். ஈரம் காய்வதற்குள் உழுதுவிட வேண்டும் என்று ஒற்றை ஏரோடு தவிக்கிற உழவனைச் சொன்னவர் ஓரேருழவனார். ஊர், தகப்பனார் பெயர் எதுவும் கிடைக்காவிட்டால் என்ன, அந்த அணில் போதாதா?

கேள்வி: ஆபீஸ் மெயிலில் 'சீ யூ அனான்' என்று எழுதலாமா?
– ஒரு வாசகி, கிண்டி

பதில்: நண்பருக்கு எழுதலாம், சிரிப்பார். மேலதிகாரிக்கு வேண்டாம். எழுத்துப்பிழை என்று நினைப்பார், இல்லையென்றால் ஏதோ அனானி மெயில் என்று ஐ.டி. டிபார்ட்மெண்டுக்கு அனுப்பிவிடுவார். நூறு வருஷத்துக்கு மேலாகவே அது வேஷம் கட்டிக்கொண்டு வருகிற சொல். நம்மில் ஒருத்தர் வாட்ஸப்பில் 'யாம் விரைவில் எழுந்தருள்வோம்' என்று போடுவது மாதிரி. கடிதத்தில் ஒரு விஷயத்தைத் தொட்டுவிட்டு 'மோர் அனான்' என்று நிறுத்துவது மட்டும் இன்னும் கொஞ்சம் அழகாகவே இருக்கிறது. 'மீதியைப் பிறகு சொல்கிறேன்' என்பதற்கு.

கேள்வி: ஆங்கிலச் சொல்லுக்கு இவ்வளவு விளக்கம் எழுதுகிறவர்கள் பழந்தமிழில் இதற்கு ஈடான சொல் உண்டா என்று பார்ப்பதே இல்லை. உண்டா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்

பதில்: ஐயா, உங்களுக்குத் தெரியாமலா கேட்கிறீர்கள், எனக்குத் தெரியுமா என்று பார்க்கிறீர்கள். சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

சொற்கள் நிறைய. ஒல்லை, வல்லே, கடுக, இன்னே. 'கதழ்வும் துனைவும் விரைவின் பொருள' என்று தொல்காப்பியமே இரண்டை எடுத்துச் சொல்கிறது. ஆனால் சொல் இருப்பது வேறு, கூப்பிடுகிறவருக்கும் வராதவருக்கும் நடுவில் அந்தச் சொல் மாட்டிக்கொண்டு தவிப்பது வேறு. அப்படிப் பார்த்தால் மார்கழியில் உங்கள் தெருவிலேயே விடியற்காலை ஒலிபெருக்கியில் கேட்கிறதே, திருப்பாவை 15, அதை விட்டால் கிடையாது. வெளியே நிற்கிற பெண்கள் 'எல்லே இளங்கிளியே, இன்னம் உறங்குதியோ' என்கிறார்கள். உள்ளேயிருந்து ஒருத்தி, எரிச்சலோடு, 'சில்லென்று அழையேன்மின் நங்கைமீர், போதருகின்றேன்' என்கிறாள். கத்தாதீங்கடி, வந்துக்கிட்டே இருக்கேன்! போர்வையை விலக்கியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. உன் வாய் எங்களுக்குத் தெரியாதா என்று அவர்கள் திருப்பிக் கொடுத்து, கொஞ்சம் வாக்குவாதம் ஆனபிறகு 'ஒல்லை நீ போதாய்' என்று அதட்டுகிறார்கள். அவளோ, எல்லோரும் வந்தாச்சா என்று கேட்கிறாள். வந்து எண்ணிப் பார்த்துக்கொள் என்கிறார்கள். ஈஸ்ட்சீப் கடையில் நடந்த அதே நாடகம்தான், இங்கே பல நூற்றாண்டு முன்னால், கிண்டலும் கொடுமை இல்லாத கிண்டல். அங்கே ஒரு கிளி, இங்கேயும் ஒரு கிளி, அது தற்செயல்.

இருந்தாலும் 'அனான்' என்பதற்கு நேராக ஒரு சொல் வைக்கச் சொன்னால் நான் முல்லைப்பாட்டில் வரும் 'இன்னே'யைத்தான் வைப்பேன். பத்துப்பாட்டில் சின்னது அது, 103 அடி. போருக்குப் போன அரசன் வருவதாகச் சொன்ன கார்காலம் வந்துவிட்டது, ஆள் வரவில்லை. அரசிக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். வயதான பெண்கள் ஊருக்கு வெளியே போய், நாழியில் கொண்டுவந்த நெல்லையும் முல்லைப் பூவையும் தூவிக் கும்பிட்டுவிட்டு, காதில் விழும் முதல் பேச்சு நல்ல பேச்சாக இருக்கிறதா என்று விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். மழை நாள் மாலை, குளிர். பக்கத்தில் சின்னக் கயிற்றில் கட்டிப்போட்ட இளங்கன்று தாயைக் காணாமல் அலைபாய்கிறது. ஒரு இடைப்பெண், நடுங்குகிற தோளில் கைகளைக் கட்டிக்கொண்டு, அந்தக் கன்றைப் பார்த்துச் சொல்கிறாள்: கோவலர் பின்னால் நின்று ஓட்டிவர, 'இன்னே வருகுவர் தாயர்.' இப்போ வந்துடுவாங்க உங்கம்மா.

கவனித்தீர்களா, 'வருகுவர்', 'தாயர்'. மாட்டுக்கு உயர்திணை. இலக்கணத்தில் திணை வழுவமைதி என்பார்கள், அன்பினால் வந்தது, குற்றமில்லை என்பார்கள். கன்றிடம் பேசும்போது பசுவை 'அது' என்று அவளுக்குச் சொல்ல வரவில்லை. அந்த 'இன்னே' எத்தனை நிமிஷம் என்று அவளுக்கும் தெரியாது, மாடுகள் எவ்வளவு தூரத்தில் வருகின்றன என்று பார்த்துவிட்டும் சொல்லவில்லை. சாம்பார் வாளித் தம்பி சொல்லும் 'இதோ'வும் மாடிப் பெண்ணின் 'வந்துட்டேன்மா'வும் கூப்பிட்டவர் வாயை அடைக்க. இவளுடையது அப்படி இல்லை. கன்று கூப்பிட்டது இவளை இல்லையே.

பாட்டின் கடைசியில் அரசன் வந்துவிடுகிறான். கொம்பும் சங்கும் ஒலிக்க, 'துனைபரி' என்று அந்தத் துனைவு அங்கேயும் வந்து, தேரில் பூட்டிய குதிரைகளோடு பாட்டு முடிகிறது. அந்தக் கன்றின் அம்மா வந்ததா என்று நப்பூதனார் எழுதவில்லை.